டிஸ்சார்ஜுக்குப் பிறகு யார் பொறுப்பு? எளியவர்களுக்கு ஒரு மருத்துவமனைத் தொடர் எப்படித் துணை நிற்கலாம்

ஏழைகளுக்கு ஆஸ்பத்திரி என்ன உதவி செய்யலாம் என்று கேட்டால், பெரும்பாலோர் பில்லைக் குறைப்பதைத்தான் சொல்வார்கள். பில் முக்கியம்தான், அதைப் பற்றிக் கீழே விரிவாகவே வரும். ஆனால் மும்பையில் சயான், கே.இ.எம். போன்ற மாநகராட்சி மருத்துவமனைகளில் டாக்டரைப் பார்க்க ஆகும் செலவு மிகக் குறைவு. அப்படியிருந்தும் வைத்தியத்தைப் பாதியில் விட்டுவிடுகிறவர்கள் ஏராளம். போனால் ஒரு நாள் கூலி போகும், கேட்கிற காகிதம் கையில் இருக்காது, அங்கே பேசுவது புரியாது, கூட வர ஆள் கிடைக்காது. அவர்களைத் தடுப்பவை இவைதான். தண்ணீர்க் குழாய் பெரும்பாலும் இணைப்பில்தான் கசியும். வைத்தியமும் அப்படித்தான், ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு நோயாளி போகும் நடுவழியில் கைநழுவிப் போகிறது. அந்த இணைப்புகளை யார், எப்படிப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதே இந்தக் கட்டுரை.

முதலில் "தொடர்" என்றால் என்ன என்று பார்த்துவிடுவோம். பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டு வாசல் வரை ஒன்றோடொன்று இணைந்த படிகளைத்தான் அப்படிச் சொல்கிறேன். மும்பை மாநகராட்சியின் மருத்துவ அமைப்பில் மேலே இருப்பவை மருத்துவக் கல்லூரியோடு சேர்ந்த பெரிய ஆஸ்பத்திரிகள்: பரேலில் கே.இ.எம்., சயானில் லோக்மான்ய திலக், மும்பை சென்ட்ரலில் நாயர், ஜுஹூ பக்கம் கூப்பர். அதற்கு அடுத்த படியில் பாந்த்ரா பாபா, குர்லா பாபா, காட்கோபர் ராஜாவாடி, கோவண்டி சதாப்தி போன்ற நடுத்தர ஆஸ்பத்திரிகள். அதற்கும் கீழே பிரசவ விடுதிகள், தவாகானாக்கள் என்னும் சிறு மருத்துவ நிலையங்கள், ஹெல்த் போஸ்ட்டுகள் என்னும் வட்டாரச் சுகாதார நிலையங்கள். 2022-இலிருந்து மாலையிலும் திறந்திருக்கும் "ஆப்லா தவாகானா"க்களும் சேர்ந்திருக்கின்றன. எல்லாவற்றுக்கும் கீழே, உண்மையில் எல்லாவற்றுக்கும் முன்னால், சந்துக்குள் வீடு வீடாக வரும் ஆரோக்ய சேவிகாவும் ஆஷா பணியாளரும் இருக்கிறார்கள். தேசிய நகர்ப்புற சுகாதாரத் திட்டத்தின் கணக்குப்படி சுமார் 50,000 பேருக்கு ஓர் ஆரம்ப சுகாதார மையமும், 200 முதல் 500 வீடுகளுக்கு ஓர் ஆஷாவும் இருக்க வேண்டும். தாராவியில் இருப்பவர்கள் "சோட்டா சயான்" என்று சொல்லும் நகர்ப்புற சுகாதார மையத்தை நடத்துவது சயான் மருத்துவக் கல்லூரிதான். ஒரே அமைப்பின் மேல்படியும் கீழ்ப்படியும் இரண்டு கிலோமீட்டருக்குள் இருப்பது பெரிய வசதி. இரண்டு படிகளும் ஒன்றோடொன்று பேசிக்கொண்டால்தான் அந்த வசதிக்குப் பலன் உண்டு.

"எளியவர்" என்பவர் ஏழை மட்டும் அல்லர். பென்ஷன் வாங்கும் 78 வயதுப் பெரியவர், மகன் துபாயில் இருக்க, செம்பூரில் லிஃப்ட் இல்லாத மூன்றாம் மாடியில் தனியாக இருந்தால் அவரும் எளியவர்தான். தோல் பட்டறையில் நன்றாகச் சம்பாதித்துக்கொண்டிருந்தவர் எந்திரத்தில் விரலை விட்ட நாளிலிருந்து எளியவர் ஆகிவிடுகிறார். கர்ப்பிணியாக ஊரிலிருந்து வந்து மூன்று மாதம் ஆன, அக்கம்பக்கம் பழகாத மருமகள், டி.பி. மாத்திரை சாப்பிடும் இளைஞர், வீட்டில் அடிவாங்கும் பெண், கையில் எந்த அட்டையும் இல்லாத கட்டடத் தொழிலாளி ஆகியோரும் இந்த வரிசையில் வருவார்கள். ஒரே ஒரு பிடி நழுவினால் வைத்தியம் முழுவதும் நின்றுபோகும் நிலையில் இருப்பவர் எவரோ, அவரே எளியவர். அந்த நிலை மாறிக்கொண்டே இருக்கும். ஒரு தடவை பட்டியல் போட்டு முடித்துவிடுகிற வேலை இல்லை இது.

ஒரு கால் புண்ணை வைத்துப் பார்ப்போம்

தாராவியில் இட்லி போட்டு விற்கும் ஒரு பெண்மணி என்று வைத்துக்கொள்ளுங்கள். வயது 55, பல வருடச் சர்க்கரை, வலது பாதத்தில் ஆறாத புண். விடியற்காலை மூன்று மணிக்கு அடுப்பு மூட்டினால், வியாபாரம் முடிந்து பாத்திரம் கழுவ முற்பகல் ஆகிவிடும். அதற்குள் ஓ.பி.டி. (வெளிநோயாளிப் பிரிவு) கவுண்டரில் கேஸ் பேப்பர் (நோயாளிச் சீட்டு) போடும் நேரம் முடிந்திருக்கும். டாக்டர் சொன்னது, "தினமும் கட்டு மாற்றுங்கள், காலுக்கு ஓய்வு கொடுங்கள், இன்சுலினைக் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள்." மூன்றும் சரியான அறிவுரைகள்தான், ஆனால் அவரால் மூன்றில் ஒன்றைக்கூடச் செய்ய முடியாது. சில மாதம் கழித்து விரல் கறுத்து வருவார். அப்போது "சொன்னதைக் கேட்கவில்லை" என்று பேப்பரில் எழுதப்படும்.

தொடர் ஒழுங்காக இயங்கினால் இதே வேலை வேறு மாதிரி நடக்கும். கட்டு மாற்றுவது பெரிய ஆஸ்பத்திரியின் வேலையே இல்லை. மாலையில் திறந்திருக்கும் பக்கத்துத் தவாகானாவில் அதைச் செய்யலாம். பெரிய டாக்டர் மாதம் ஒருமுறை பார்த்தால் போதும், நடுவில் சிவந்தாலோ நாற்றம் வந்தாலோ காய்ச்சல் அடித்தாலோ அன்றே வர வேண்டும் என்று தவாகானாவுக்கும் அவருக்கும் சேர்த்துச் சொல்லி வைக்க வேண்டும். மாத்திரையும் இன்சுலினும் தவாகானாவிலேயே கிடைக்க ஏற்பாடு வேண்டும். பாதத்துக்கு எம்.சி.ஆர். என்னும் மெத்தென்ற ரப்பர் செருப்பு வேண்டும், மரத்துப்போன காலுக்குக் கல் குத்துவது தெரியாது. இரவில் யாராவது ஒருவர் டார்ச் அடித்து அவர் பாதத்தையும் விரலிடுக்கையும் பார்க்க வேண்டும்.

இன்சுலின் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் இங்கே நேரும் தவறு உயிரை வாங்கும். திறந்த குப்பியைச் சுமார் 4 வாரம் வரை வெளியே வைக்கலாம், ஆனால் வெப்பம் 30 டிகிரியைத் தாண்டக் கூடாது. தகரக் கூரை போட்ட அறையில் மே மாதம் இது நடக்காது. குளிர்சாதனப் பெட்டி இல்லாதவர்கள் குப்பியை மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு, ஈர மணலில் பதித்த மண்பானைக்குள் நிழலில் வைக்கலாம். தண்ணீர் ஆவியாகும்போது உள்ளே குளிரும். பெட்டி இருக்கிற பக்கத்து வீட்டில் கொடுத்து வைத்தால் ஐஸ் தட்டில் வைக்க வேண்டாம் என்று சொல்லி அனுப்புங்கள், உறைந்த இன்சுலின் பயன்படாது. திறந்த தேதியைக் குப்பியிலேயே எழுதி ஒட்டிவிட வேண்டும்.

அடுத்தது சிரிஞ்ச். நம் நாட்டில் இன்சுலின் குப்பி 40 யூனிட் வகையிலும் 100 யூனிட் வகையிலும் வருகிறது. 40-க்கு உரிய சிரிஞ்சுக்குச் சிவப்பு மூடி, 100-க்கு ஆரஞ்சு மூடி. ஆஸ்பத்திரியில் கொடுத்தது ஒரு வகைக் குப்பி, மருந்துக் கடையில் வாங்கியது மற்ற வகை சிரிஞ்ச் என்றால் அளவு இரண்டரை மடங்கு மாறிவிடும். 100 வகைக் குப்பியிலிருந்து சிவப்பு மூடி சிரிஞ்சில் 20 கோடு வரை இழுத்தால் உள்ளே போவது 50 யூனிட். சர்க்கரை சரிந்து மயங்கி விழுவார். மாறாக 40 வகைக் குப்பியிலிருந்து ஆரஞ்சு மூடி சிரிஞ்சில் 20 கோடு வரை இழுத்தால் 8 யூனிட்தான் ஏறும், புண் ஆறவே ஆறாது. நர்ஸ் ஒருவர் நோயாளியின் சொந்தக் குப்பியையும் சொந்த சிரிஞ்சையும் மேசையில் வைத்து ஒருமுறை பார்த்தால் இந்த ஆபத்து தீர்ந்துவிடும். ஐந்து நிமிட வேலை.

நடுவில் நிற்கும் ஆள்

இவ்வளவையும் யார் சேர்த்துப் பார்ப்பது? மருத்துவ சமூகப் பணியாளர். நோயாளிகள் "சோஷியல் வொர்க்கர் மேடம்" என்று சொல்வது இவரைத்தான். இந்தியாவில் இந்தப் பணியிடம் முதன்முதலாக வந்ததே மும்பையில்தான், 1946-இல், ஜே.ஜே. மருத்துவமனையில். டாக்டர் நோயைப் பார்ப்பார், இவர் நோயாளி திரும்பிப் போகும் வீட்டைப் பார்ப்பார். ஆஸ்பத்திரியில் இவரை எங்கே பார்ப்பது என்று தெரியாமல் நாள்கணக்கில் வராந்தாவில் உட்கார்ந்திருக்கும் குடும்பங்கள் உண்டு. வார்டு சிஸ்டரிடம் பெயரும் அறை எண்ணும் கேட்டால் சொல்வார். அட்மிஷன் ஆன முதல் நாளிலேயே கேட்டுவிடுங்கள்.

அவர் கேட்க வேண்டிய கேள்விகள் சாதாரணமானவை. "கஷ்டப்படுகிறீர்களா" என்று கேட்டால் மானஸ்தர்கள் இல்லை என்றுதான் சொல்வார்கள். "காலையில் என்ன சாப்பிட்டீர்கள்", "இங்கே வர இன்று எவ்வளவு ஆயிற்று", "இன்றைக்கு வேலைக்குப் போகாததால் கூலி போச்சா", "ராத்திரி தண்ணி கேட்டால் எடுத்துக் கொடுக்க யார் இருக்கிறார்கள்", "மாத்திரைச் சீட்டை வீட்டில் யார் படிப்பார்கள்" என்று கேட்டால் உண்மை நிலவரம் வந்துவிடும். இன்னொரு கேள்வியும் உண்டு, பலரும் விட்டுவிடுவது: "பேப்பரில் எழுதியிருக்கும் போன் யார் கையில் இருக்கும்?" அது வேலைக்குப் போன மகனின் போனாக இருந்தால், நீங்கள் அழைக்கும்போதெல்லாம் அவர் ஆட்டோ ஓட்டிக்கொண்டிருப்பார், அம்மாவுக்குச் செய்தி போகாது.

கேட்ட கேள்விக்குப் பதில் நடவடிக்கை இருக்க வேண்டும். சாப்பாடு இல்லை என்று சொன்னவரை எங்கே அனுப்புவது என்று தெரியாமல் அந்தக் கேள்வியைக் கேட்கக் கூடாது. அது அவரை அவமானப்படுத்துவதில்தான் முடியும்.

பணம்: எந்தக் கதவை முதலில் தட்டுவது

உதவி தரும் கதவுகள் பல உண்டு, வரிசை மாறினால் எல்லாமே அடைபடும். முதல் கதவு மகாத்மா ஜோதிராவ் புலே ஜன ஆரோக்ய திட்டம். 2012-இல் வேறு பெயரில் தொடங்கி 2017-இல் இந்தப் பெயர் பெற்றது. மத்திய அரசின் ஆயுஷ்மான் திட்டத்தோடு சேர்ந்து இப்போது குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை பணமில்லாச் சிகிச்சை. மஞ்சள், கேசரி (காவி) நிற ரேஷன் கார்டுகளோடு வெள்ளைக் கார்டுக்கும் இப்போது இடம் உண்டு. திட்டத்தில் சேர்ந்த ஆஸ்பத்திரியில் "ஆரோக்ய மித்ரா" என்று ஒரு மேசை இருக்கும். ரேஷன் கார்டும் ஆதாரும் கொண்டுபோய் அறுவைக்கு முன்பே அனுமதி வாங்க வேண்டும். முதலில் நாமே கட்டிவிட்டுப் பிறகு வாங்கிக்கொள்ளலாம் என்று நினைப்பதுதான் அதிகம் நடக்கும் தவறு. கட்டிய பணத்தைத் திருப்பித் தரும் திட்டம் இல்லை இது.

தமிழர்களுக்கு இங்கே ஒரு தனிச் சிக்கல் உண்டு. நம் பெயரில் இனிஷியல்தான் இருக்கும், இங்குள்ள படிவமோ குடும்பப் பெயர் கேட்கும். ஆதாரில் "முருகன் எஸ்", ரேஷன் கார்டில் "முருகன் செல்வராஜ்", பேங்க் புத்தகத்தில் "செல்வராஜ் முருகன்" என்று மூன்று ஆட்கள் ஆகிவிடுவார் ஒருவரே. உடம்பு நன்றாக இருக்கும்போதே இதை ஒரே மாதிரி ஆக்கிவிடுங்கள். ஐ.சி.யு. வாசலில் நின்றுகொண்டு பெயர் திருத்த முடியாது. ரேஷன் கார்டு இன்னும் திருநெல்வேலியிலோ சேலத்திலோ இருப்பவர்களுக்கு மாநிலத் திட்டம் கிடைக்காது. ஆனால் ஊரில் ஆயுஷ்மான் பட்டியலில் குடும்பம் இருந்தால் அந்தக் கார்டு இங்கேயும் செல்லும். 70 வயது நிறைந்தவர்களுக்கு 2024 அக்டோபரிலிருந்து வருமான வரம்பே கிடையாது, ஆதாரை வைத்துத் தனிக் கார்டு எடுத்துக்கொள்ளலாம்.

இரண்டாவது கதவு பலருக்குத் தெரியாதது: தர்ம டிரஸ்ட் நடத்தும் தனியார் மருத்துவமனைகள். பளபளப்பான கட்டடத்தைப் பார்த்து நாம் விலகிப் போய்விடுவோம். மகாராஷ்டிர பொது அறக்கட்டளைச் சட்டத்தின் 41ஏஏ பிரிவின்படி இவை 10 சதவீதப் படுக்கைகளைப் பரம ஏழைகளுக்கு இலவசமாகவும், இன்னொரு 10 சதவீதத்தைப் பலவீனமான பிரிவினருக்குச் சலுகைக் கட்டணத்திலும் ஒதுக்க வேண்டும். குடும்ப ஆண்டு வருமானம் 1,80,000 ரூபாய்க்குள் என்றால் இலவசம், 3,60,000 வரை சலுகை. இதற்கென்றே நோயாளிகளிடம் வசூலிக்கும் மொத்தக் கட்டணத்தில் 2 சதவீதத்தைத் தனி நிதியாக ஆஸ்பத்திரி சேர்த்து வைக்கிறது. தாசில்தார் வருமானச் சான்றோ ரேஷன் கார்டோ கேட்பார்கள், சரிபார்ப்பது அங்குள்ள சமூகப் பணியாளர். உயிர் ஆபத்து என்றால் முன்பணம் கேட்காமல் சேர்த்து, நிலைப்படுத்தும் வரை பார்க்க வேண்டும். "அந்தப் படுக்கை காலி இல்லை" என்று வாயால் சொன்னால், தேதி போட்டு எழுதித் தரும்படி பணிவாகக் கேளுங்கள். எழுதித் தர மறுத்தால் வொர்லியில் உள்ள தர்ம ஆணையர் அலுவலகத்தில் நோயாளி பெயர், ஆஸ்பத்திரி பெயர், போன நேரம், பேசியவர் பதவி ஆகியவற்றோடு புகார் கொடுக்கலாம்.

மூன்றாவதாக, மாநகராட்சி ஆஸ்பத்திரிகளில் "புவர் பாக்ஸ்" என்ற தர்ம நிதி இருக்கிறது. உள்ளே கிடைக்காத மருந்து, உலோகத் தகடு, ஸ்கேன் போன்றவற்றுக்கு சமூகப் பணியாளர் வழியாக இதிலிருந்து கேட்கலாம். கடைசியாக சித்திவிநாயக் கோயில் டிரஸ்ட் போன்ற அறநிலையங்களும் முதலமைச்சர் நிவாரண நிதியும். இவற்றுக்கு ஆஸ்பத்திரியின் முத்திரையோடு செலவு மதிப்பீட்டுக் கடிதம் வேண்டும். அந்தக் கடிதத்தில் ஆஸ்பத்திரியின் வங்கிக் கணக்கு விவரம் இல்லாவிட்டால் மனு திரும்பி வரும், ஏனென்றால் பணம் நோயாளி கையில் வராது, ஆஸ்பத்திரி பெயருக்கே போகும். டிஸ்சார்ஜ் ஆனபின் கொடுத்த மனுவைப் பெரும்பாலான டிரஸ்டுகள் எடுத்துக்கொள்வதில்லை.

ஒரு நல்ல தொடர் இந்த அலைச்சலைக் குடும்பத்தின் தலையில் போடாது. ஒரே மேசையில் ஒரே ஆள் எல்லா மனுவையும் எழுதிக் கொடுத்து, எது எங்கே நிற்கிறது என்று ஒரு நோட்டில் குறித்து வைத்திருப்பார். நோயாளியின் மனைவி ஏழு அலுவலகம் ஏறி இறங்கினால் அந்த ஏழு நாளும் நோயாளிக்குக் கஞ்சி கொடுக்க ஆள் இல்லை.

டிஸ்சார்ஜ் அன்று நடக்க வேண்டியவை

வெள்ளிக்கிழமை வீட்டுக்கு அனுப்புகிறார்கள், கையில் 5 நாள் மருந்து. அவரைப் பார்க்கும் டாக்டர் குழுவின் (யூனிட்டின்) ஓ.பி.டி. அடுத்த வியாழன் என்றால் நடுவில் ஒரு நாள் மருந்தில்லாமல் போகும். வியாழன் விடுமுறை என்றால் எட்டு நாள். ரத்த அழுத்தத்துக்கும் வலிப்புக்கும் மாத்திரை சாப்பிடுகிறவருக்கு இந்த இடைவெளி ஆபத்து. அடுத்த ஓ.பி.டி. நாளுக்கு மேல் ஒரு வாரம் கூட்டி மருந்து கொடுத்தனுப்புவதே பாதுகாப்பு.

டிஸ்சார்ஜ் அட்டை ஆங்கிலத்தில் இருக்கும். நோயாளிக்கோ மராத்தியும் இந்தியும் அரைகுறை. நர்ஸ் விளக்கிவிட்டு "புரிந்ததா" என்று கேட்டால் தலையாட்டுவார். "வீட்டுக்குப் போய் மருமகளிடம் எப்படிச் சொல்வீர்கள், என்னிடம் சொல்லிக் காட்டுங்கள்" என்று கேட்க வேண்டும். தப்பு எங்கே என்று அப்போது தெரிந்துவிடும். மாத்திரை அட்டையிலேயே சூரியனும் நிலாவும் வரைந்து எண்ணிக்கை போட்டுக் கொடுத்தால் படிக்கத் தெரியாதவரும் பிசகாமல் சாப்பிடுவார். பேத்தியையோ பத்து வயதுப் பையனையோ மொழிபெயர்ப்பாளர் ஆக்கக் கூடாது. பாட்டி தன் கர்ப்பப்பைக் கோளாறைப் பேரன் முன்னால் சொல்ல மாட்டாள், பேரனும் புற்றுநோய் என்ற வார்த்தையைத் தன் வாயால் சொல்ல மாட்டான். தாராவி, ஆண்டாப்ஹில், சீட்டா கேம்ப் பகுதி நோயாளிகள் அதிகம் வரும் ஆஸ்பத்திரியில் தமிழ் தெரிந்த வார்டு பணியாளர்கள் இருப்பார்கள். எந்த ஷிப்டில் யார் என்று சுவரில் ஒரு பட்டியல் ஒட்டினாலே பெரிய உதவி.

முகவரி எழுதுவதிலும் நுட்பம் இருக்கிறது. கோலி (அறை) எண்ணும் நகர் பெயரும் மட்டும் இருந்தால் ஆரோக்ய சேவிகா தேடி அலைவார். எந்தக் கோயில் பக்கம், எந்தப் பொதுக் கழிப்பறைக்கு எதிரே, கீழ்த்தளமா ஏணி ஏறும் மேல்தளமா, பக்கத்தில் யார் பெயரைச் சொன்னால் தெரியும் என்பதையும் எழுத வேண்டும். பிறகு அந்தச் சீட்டு ஹெல்த் போஸ்ட்டுக்குப் போனால் மட்டும் போதாது, "வந்து சேர்ந்தது, இன்னார் பார்க்கிறார்" என்று பதிலும் வர வேண்டும். இரண்டு நாளுக்குள் ஒரு போன், ஏழு நாளுக்குள் நேரில் ஒரு பார்வை, வராவிட்டால் வீட்டுக்கு ஆள் என்று வைத்துக்கொள்வது நல்ல ஒழுங்கு. பதில் வரும் வரை பொறுப்பு அனுப்பியவருடையதுதான். இந்த ஒரு விதி இல்லாததால்தான் "நாங்கள் அனுப்பிவிட்டோம்", "எங்களுக்கு வரவில்லை" என்ற இரண்டு உண்மைகளுக்கு நடுவே மனிதர்கள் காணாமல் போகிறார்கள்.

டி.பி. இதற்கு நல்ல உதாரணம். சாதாரண வகைக்கு வைத்தியம் 6 மாதம். முதல் 2 மாதம் நான்கு மருந்து, அடுத்த 4 மாதம் மூன்று, அளவு எடைக்கு ஏற்ப. இரண்டாம் மாதமே இருமல் நின்று பசி எடுக்கும், அப்போதுதான் பலர் நிறுத்திவிடுவார்கள். அதற்கும் முன்பே, முதல் வாரத்தில் சிறுநீர் ஆரஞ்சு நிறமாகப் போவதைப் பார்த்துப் பயந்து நிறுத்துகிறவர்களும் உண்டு. அது மருந்தின் நிறம், ஆபத்தில்லை என்று முதல் நாளே சொல்லிவிட வேண்டும். சத்துணவுக்கு அரசு தரும் தொகை 2024 நவம்பரிலிருந்து மாதம் 1,000 ரூபாய். முடங்கிய வங்கிக் கணக்கு, ஆதார் இணைக்காத கணக்கு என்றால் வந்து சேராது. பொங்கலுக்கோ கோடை விடுமுறைக்கோ ஊருக்குப் போகிறவர்கள் போவதற்கு முன்பே சொன்னால், நிக்ஷய் எண்ணை (டி.பி. நோயாளிக்கு அரசு தரும் பதிவு எண்) வைத்து ஊர்ப்பக்கத்து மையத்துக்கு மாற்றிக் கொடுப்பார்கள், அங்கேயே மருந்து வாங்கலாம். வீட்டில் உள்ள மற்றவர்களையும், முக்கியமாக 5 வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தைகளையும் பரிசோதித்துத் தடுப்பு மருந்து கொடுப்பது இதே வேலையின் பாதி.

வாயைத் திறக்காத நோயாளிகள்

"வழுக்கி விழுந்தேன்" என்று மூன்றாவது முறையாக வரும் பெண்ணை வைத்து ஒரு தொடரின் தரத்தைச் சொல்லிவிடலாம். 2000-களின் தொடக்கத்தில் பாந்த்ரா பாபா மருத்துவமனையில் மாநகராட்சியும் சேஹாட் என்ற ஆய்வு அமைப்பும் சேர்ந்து "திலாசா" என்ற மையத்தைத் தொடங்கின. வீட்டு வன்முறையை ஆஸ்பத்திரிக்குள்ளேயே வைத்துக் கவனிக்க இந்தியாவில் ஏற்பட்ட முதல் மையம் அது. பெண்கள் போலீஸுக்குப் போகத் தயங்கினாலும் காயத்துக்கு மருந்து போட வந்தே ஆக வேண்டும், அந்த வருகையை வீணாக்கக் கூடாது என்பதே அதன் அடிப்படை. பிறகு நகரின் வேறு ஆஸ்பத்திரிகளுக்கும் இது பரவியது.

கணவரையும் மாமியாரையும் வெளியே உட்கார வைத்துவிட்டு, தனி அறையில், கதவை மூடிக் கேட்க வேண்டும். "எக்ஸ்ரே எடுக்கணும், இவர் மட்டும் வரட்டும்" என்றால் யாருக்கும் சந்தேகம் வராது. காயத்தின் இடம், அளவு, அவர் சொன்ன வார்த்தைகள் ஆகியவற்றை அப்படியே எழுத வேண்டும், பின்னால் கோர்ட்டில் அந்தக் காகிதம்தான் பேசும். முடிவை அவர் எடுக்கட்டும், பிரிந்து போகச் சொல்லி நெருக்கக் கூடாது. பாலியல் வன்முறையோ ஆசிட் வீச்சோ என்றால், அரசு ஆஸ்பத்திரியானாலும் தனியார் ஆனாலும் உடனே இலவசமாக வைத்தியம் செய்தே தீர வேண்டும். பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 397-ஆம் பிரிவு இதைச் சொல்கிறது.

பச்சிளம் குழந்தைகளுக்கும் பேச வாய் இல்லை. சயான் மருத்துவமனையில் 1989-இல் டாக்டர் ஆர்மிடா பெர்னாண்டஸ் தொடங்கிய தாய்ப்பால் வங்கி ஆசியாவிலேயே முதலாவது. தானமாகக் கிடைக்கும் பாலை 62.5 டிகிரியில் 30 நிமிடம் சூடாக்கிப் பாதுகாத்து, குறைமாதக் குழந்தைகளுக்குக் கொடுக்கிறார்கள். வார்டில் காப்பாற்றிய குழந்தை தாராவிக்குத் திரும்பிப் போய் மெலிந்தால் என்ன பயன்? அவரே 1999-இல் ஸ்நேஹா என்ற அமைப்பைத் தொடங்கி, அந்தச் சந்துகளில் தாய்மார்களோடு வேலை செய்ய வழி அமைத்தார். அங்கன்வாடியில் குழந்தையின் மேல்கையைச் சுற்றி அளக்கும் நாடா இருக்கும். 6 மாதம் முதல் 5 வயது வரையுள்ள குழந்தைக்கு 11.5 செண்டிமீட்டருக்குக் கீழே வந்தால் கடுமையான சத்துக்குறைவு, அன்றே மேலே அனுப்ப வேண்டும்.

படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்குத் தேவை பெரும்பாலும் மருந்தைவிடச் சாமான்தான். காற்று மெத்தை, வாக்கர், சக்கர நாற்காலி, யூரின் பாட்டில் ஆகியவற்றை இரவல் கொடுத்து வாங்கும் ஓர் அலமாரி ஒவ்வொரு ஹெல்த் போஸ்ட்டிலும் இருக்கலாம். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்கச் சொல்லிக் கொடுத்தால் படுக்கைப் புண்ணால் திரும்பி வருவது வெகுவாகக் குறையும்.

எதை எண்ணுவது

ஆஸ்பத்திரிகள் முகாம் நடத்துவதைத்தான் சேவை என்று காட்டுகின்றன. பேனர், மைக், ஒரே நாளில் நூற்றுக்கணக்கானவர்களுக்கு பி.பி. பார்த்தோம் என்ற படம். பி.பி. அதிகம் என்று சொல்லிவிட்டு மாத்திரைக்கு வழி காட்டாமல் போனால், பயத்தை மட்டும் கொடுத்துவிட்டுப் போனதாகத்தான் அர்த்தம். அந்தப் பணத்தில் ஒரு சமூகப் பணியாளரைக் கூடுதலாக வைத்தால் வருடம் முழுவதும் பலன் உண்டு. எண்ண வேண்டியவை வேறு: வீட்டுக்கு அனுப்பிய நூறு பேரில் ஏழு நாளுக்குள் எத்தனை பேரை யாராவது பார்த்தார்கள், முப்பது நாளுக்குள் எத்தனை பேர் அதே நோயோடு திரும்பினார்கள், எத்தனை உதவி மனுக்கள் எந்தக் காரணத்தால் தள்ளப்பட்டன. மூன்றாவது எண்ணிக்கை மிகவும் உபயோகமானது. பெயர் பொருந்தாததால் தள்ளப்பட்டவை அதிகம் என்று தெரிந்தால், ரேஷன் அலுவலகத்தோடு சேர்ந்து ஒரு திருத்த நாள் வைக்கலாம்.

அதுபோன்ற நாளை நடத்த நம் தமிழ் மன்றங்களும் கோயில் கமிட்டிகளும் பொருத்தமானவை. மண்டபம் இருக்கிறது, படிவம் நிரப்பத் தெரிந்த பிள்ளைகள் இருக்கிறார்கள். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பிளாஸ்டிக் பையில் ரேஷன் கார்டு, ஆதார், வங்கிப் புத்தகம் ஆகியவற்றின் இரண்டு நகல், பழைய கேஸ் பேப்பர்கள், இப்போது சாப்பிடும் மாத்திரையின் காலி அட்டை, ஒவ்வாத மருந்தின் பெயர் ஆகியவற்றைப் போட்டு, மழைத் தண்ணீர் ஏறாத உயரத்தில் வைக்கச் சொல்லலாம். பையின் மேல் எண்களை எழுதி ஒட்டுங்கள்: ஆம்புலன்ஸ் 108, புலே திட்டம் 155388, ஆயுஷ்மான் 14555, மனநல ஆலோசனை 14416, முதியோர் உதவி 14567, குழந்தைகள் 1098. பெண்கள் உதவி எண் 181-ஐ மட்டும் எழுதவும் வேண்டாம், போனில் சேமிக்கவும் வேண்டாம். அதை மனப்பாடம் செய்துகொள்ளச் சொல்லுங்கள், பையையும் போனையும் வீட்டில் மற்றவர்களும் எடுத்துப் பார்ப்பார்கள்.